காணாமற்போன தோடு

நகை தொலைந்த வீட்டையும் சாவு விழுந்த வீட்டையும் வாசலில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்று நமது பாட்டனார் சொல்வதுண்டு. அடுப்பில் பூனை தூங்கும். குழந்தைகள் பசித்தும் வாய் திறவாமல் மூலையில் நிற்கும். வந்தவர்கள் எல்லாம் தாழ்ந்த குரலில் பேசிவிட்டுக் காப்பி குடியாமலே போவார்கள். இதைப் பெண்களின் பொன்னாசை என்று ஆண்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் பயிர் பொய்த்த வருஷத்திலும், பிள்ளையின் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டிய மாதத்திலும், அந்தப் பொன்தான் அடகுக் கடைக்குப் போய் நம் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. அது போனால் வீடு துக்கங் காப்பதில் வியப்பொன்றும் இல்லை.

சென்ற தை மாதம் பொங்கலூருக்குப் பக்கத்தில் இருக்கும் நமது மாமனாருடைய தோட்டத்துக்குக் குடும்பத்துடன் போயிருந்தோம். கொங்கு நாட்டில் பொங்கல் பண்டிகை என்றால் பட்டிப் பொங்கலும், அதை அடுத்து வரும் பூப்பறிக்கும் நோன்பும் சேர்ந்ததுதான். நோன்பன்று ஊர்ப் பெண்கள் எல்லோரும் கூட்டமாகப் போய் ஆவாரம் பூப் பறித்து, கட்டுச்சோறு தின்று, கும்மி கொட்டிவிட்டு மாலையில் திரும்புவார்கள். அன்று நமது மைத்துனி, கலியாணத்தில் தாய்வீடு போட்ட ஏழு கல் வைரத் தோட்டை அணிந்துகொண்டு போனாள். இருட்டுகிற சமயத்தில் களத்தில் மறுபடியும் ஒரு கும்மி நடந்தது. இரவு படுக்கப் போகையில் காதைத் தொட்டுப் பார்த்தால், வலது காதில் தோடு இருக்கிறது. இடது காதில் இல்லை. திருகாணி கொஞ்ச நாளாகவே தேய்ந்திருந்ததாம். "நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று இருந்தாளாம். இந்த 'நாளை' என்னும் சொல்லால் உலகத்தில் எத்தனை பவுன் போயிருக்கிறதென்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

அன்றிரவே கைவிளக்குகளோடு பத்துப் பேர் களத்தில் இறங்கினோம். தேடினோம் என்று சொல்வதைவிட மிதித்தோம் என்று சொல்வதே பொருந்தும். மறுநாள் விடியற்காலையில், இரவு நடந்த சங்கதி தெரியாமல், வழக்கமாக வாசல் கூட்டிச் சாணம் தெளிக்கும் பெண்மணி வந்து வாசலையும் களத்தையும் சுத்தமாகக் கூட்டிவிட்டாள். சூரியன் உதித்ததும் நாம் போய்ப் பார்த்தபோது களம் கண்ணாடிபோல் இருந்தது. தோடு மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதுவதற்கு நமக்கு வெட்கமாக இருக்கிறது. ஆயினும் எழுதத்தான் வேண்டும்.

அந்தப் பெண்மணியை அழைத்து விசாரித்தார்கள். அவள் பதறவில்லை. "நான் கூட்டினது கூட்டினபடியே எருக்குழியிலே கொட்டினேனுங்க அம்மா. என் கண்ணுக்கு ஒண்ணும் தட்டலைங்க. வேணும்னா அந்தக் குழியிலே தேடிப் பாருங்க" என்றாள். இதைவிடத் தெளிவாக ஒரு சாட்சி சொல்ல முடியாது. ஆனால் சந்தேகம் கொண்டவர்களின் காதில் நல்ல பதில் கூட மோசமாகத்தான் விழும். "குழியைக் காட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறாள்" என்றார் நமது மாமியார். எருக்குழியை ஒருவரும் கிளறிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள், வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிறவர் ஒருவரிடம் ஆள் போயிற்று. அவர் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, "தெற்கே ஒரு பெண் கையில் இருக்கிறது" என்றார். எந்த ஊரிலும் தெற்கே வீடுகள் உண்டு; எந்த வீட்டிலும் பெண்கள் உண்டு. அந்தப் பெண்மணியின் வீடும் தெற்கேதான் இருந்தது. மூன்றாம் நாள், கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய் என்றார்கள். அவள் செய்தாள். செய்துவிட்டு வீட்டுக்குப் போனவள் மறுநாள் வேலைக்கு வரவில்லை. வராததும் ஒரு குற்றமாயிற்று.

இவ்வளவும் நடந்தபோது, "ஆதாரம் இல்லாமல் முடிவுக்கு வராதீர்கள்" என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவரும் நாம், திண்ணையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டு விவகாரத்தில் தலையிடலாகாது என்பது நாம் நமக்கே சொல்லிக்கொண்ட சமாதானம்.

நிற்க. தொலைந்த பொருளைத் தேடுவது நம் நாட்டில் ஒரு பழைய கலை. கிணற்றில் விழுந்த குடத்தையும் செம்பையும் எடுக்கப் பாதாளக் கரண்டி என்று ஒன்று உண்டு. வளையத்தில் பல கொக்கிகள் தொங்கும் அந்த இரும்புச் சாதனம் தெருவுக்கு ஒரு வீட்டில் இருக்கும். வேண்டியவர்கள் இரவல் வாங்கிப் போவார்கள். அதற்கு அகப்படாத மோதிரம் போன்றவற்றுக்கு, மூச்சடக்கி முங்கி எடுக்கும் ஆட்கள் இருந்தார்கள். மண்ணையும் சாம்பலையும் சலித்துப் பொன் எடுப்பவர்களுக்கு அரிப்புக்காரர் என்றே பெயர். அந்தத் தொழில் இன்னும் அழிந்துவிடவில்லை. நமது கோயமுத்தூரில் பொற்கொல்லர் பட்டறைகள் நிறைந்த வீதிகளில், பட்டறை வாசலின் தூசியையும் சாக்கடை மண்ணையும் வாரி, தட்டில் இட்டு நீரில் அலசி, மண் கரைந்தோடக் கனமான பொன்துகள் அடியில் தங்குமாறு செய்து பிழைப்பவர்கள் உண்டு. எஞ்சிய துகளைப் பாதரசத்தில் ஒட்டவைத்து எடுப்பார்கள். அந்தப் பாதரசப் புகை அவர்களுடைய நுரையீரலுக்கும் நரம்புக்கும் கேடு செய்வது. நம்முடைய காதில் மின்னும் பொன்னுக்குப் பின்னால் இப்படியும் சிலர் குனிந்து நிற்கிறார்கள்.

ஆறுகள் இன்னும் பெரிய பெட்டகங்கள். கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்து சங்க காலத்துச் சேரர் காசுகளும், ரோமாபுரிக் காசுகளும், முத்திரை மோதிரங்களும் கிடைத்திருக்கின்றன. நமது ஊருக்கு அருகிலுள்ள வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டிலேயே ஐந்நூறுக்கு மேற்பட்ட ரோம வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாக அகப்பட்டன. நொய்யற் கரையில் சென்னிமலைக்குப் பக்கத்திலுள்ள கொடுமணலில், 1985-ஆம் ஆண்டு தொடங்கித் தமிழ்ப் பல்கலைக் கழகத்தார் செய்த அகழ்வில், கல்மணிகள் செய்த பட்டறைகளின் அடையாளங்கள் வெளிப்பட்டன. அன்றைக்கு ஒரு சேர நாட்டுப் பெண்ணின் கையிலிருந்து நழுவிய மோதிரத்துக்காக எந்த வேலைக்காரி சத்தியம் செய்தாளோ, நமக்குத் தெரியாது.

இனி நமது கதைக்கு வருவோம். பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நம்மிடம் பத்தாம் வகுப்புப் படித்து இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருக்கும் பழைய மாணாக்கர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தோம். பேச்சுவாக்கில் விஷயத்தைச் சொன்னோம். "அடடா, முன்னமே சொல்லியிருக்கக் கூடாதுங்களா, ஸார்? என்கிட்டே மெஷின் இருக்குதுங்களே!" என்றார்.

திருப்பூரில் வெளிநாட்டுக்குப் போகும் துணிகளில், தைக்கும்போது ஒடிந்த ஊசிமுனை ஒளிந்திருந்து குழந்தைகளைக் குத்திவிடக் கூடாதென்று, ஒவ்வோர் உருப்படியையும் ஊசி கண்டுபிடிக்கும் இயந்திரத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். "அதைக் கொண்டுவரப் போகிறாயா, தம்பி?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "அது இரும்பை மட்டும்தானுங்க பார்க்கும், ஸார். தங்கம் அதுக்குத் தெரியாது. இது வேறேங்க, கையிலே பிடிச்சுத் தரையைத் துழாவறது" என்றார். ஊசி இயந்திரத்தில் பழகிப் பழகி ஏற்பட்ட ஆசையால், சொந்தப் பணத்தில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாராம். அக்கம்பக்கத்தில் யாருடைய மோதிரமாவது கொலுசாவது தொலைந்தால் போய்த் தேடிக் கொடுப்பாராம். பெட்ரோல் காசுக்கு மேல் ஒன்றும் வாங்குவதில்லை.

கோயில் வாசலிலும் விமான நிலையத்திலும் நம்மை உள்ளே விடுமுன் 'கீ' என்று கத்துகிறதே, அதன் உறவுதான் இந்தக் கருவி. ஒரு கோல், அதன் நுனியில் சாப்பாட்டுத் தட்டளவு ஒரு வட்டம், வட்டத்துக்குள் செம்புக் கம்பிச் சுருள். அந்தச் சுருளில் திசை மாறி மாறி ஓடும் மின்சாரம் தரைக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. அப்புலத்தில் ஓர் உலோகத் துண்டு அகப்பட்டால், அத்துண்டினுள்ளே சிறு சுழல் மின்னோட்டம் எழுகிறது. அது தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப் புலத்தை உண்டாக்கித் திருப்பி அனுப்புகிறது. அந்த எதிரொலியைக் கருவி வாங்கி ஓசையாக மாற்றுகிறது. கருவி வைரத்தைக் காணாது. வைரத்தைப் பிடித்திருக்கும் பொன்னைத்தான் காணும்.

இதற்கு ஒரு சோக சரித்திரமும் உண்டு. 1881-ஆம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டார். உடம்பினுள் குண்டு எங்கே இருக்கிறதென்று வைத்தியர்களுக்குத் தெரியவில்லை. டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல், சுருள்கள் கொண்ட ஒரு கருவியை அவசரமாகச் செய்து எடுத்துக்கொண்டு வந்தார். கருவி நல்ல கருவிதான். ஆனால் ஜனாதிபதியின் மெத்தையில் இரும்புச் சுருள்கள் இருந்தன. தவிர, குண்டு வலப்புறத்தில்தான் இருக்கிறதென்று முடிவு கட்டிவிட்ட தலைமை வைத்தியர், வலப்புறத்தை மட்டுமே சோதிக்க விட்டார். குண்டு இருந்ததோ இடப்புறத்தில். செப்டம்பர் 19-ந் தேதி கார்பீல்டு இறந்தார். இதைப் படித்தபோது நமக்கு மாமியார் வீட்டு எருக்குழி நினைவுக்கு வந்தது.

இரண்டாவது உலக யுத்தத்தில், போலந்து தேசத்து ராணுவ அதிகாரி யோசெப் கொசாட்ஸ்கி என்பவர், மனிதன் கையில் ஏந்திப் போகக்கூடிய கண்ணிவெடி தேடும் கருவியை அமைத்தார். 1942-ல் எல் அலமெயின் போரில் அத்தகைய 500 கருவிகள் பாலைவனத்து வெடிகளுக்கிடையே வழி கண்டன. அவர் அதற்கு உரிமைப் பட்டயம் வாங்காமல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இனாமாகவே கொடுத்தார். உயிர் காக்கப் பிறந்த கருவி இன்று காதணி தேடுகிறது. இதை ஒரு வீழ்ச்சியென்று நாம் கருதவில்லை.

நமது மாணாக்கர் தோட்டத்துக்கு வந்ததும் கருவியைத் திறக்கவில்லை. முதலில் மைத்துனியிடம் கேட்டார்: "அக்கா, இன்னொரு தோட்டைக் கொஞ்சம் கொடுங்க." அதை ஒரு மெல்லிய பையில் போட்டு, களத்து மண்ணில் வைத்து, அதன்மேல் கருவியை ஆட்டினார். ஒரு மெல்லிய குரல் எழுந்தது. "இதுதானுங்க நம்ம தோட்டோட குரல். இதே குரலைத்தான் தேடோணும்" என்றார். பிறகு அதை இரண்டு விரற்கடை ஆழத்தில் புதைத்துப் பார்த்தார், குரல் மெலிந்தது. நாலு விரற்கடைக்குக் கீழே ஏறக்குறைய நின்றேவிட்டது. பெரிய உலோகத்தை ஒரு முழ ஆழத்திலும் அறியலாம். தோடு போன்ற சிறு பொருளுக்கு மேல்மண்தான் கணக்கு. மெல்லிய சங்கிலியோ இன்னும் கஷ்டம். கண்ணிகள் தனித்தனிச் சிறு துண்டுகள்போல் ஆகிவிடுவதால் கருவிக்கு எளிதில் தட்டுப்படாது. முழு வளையமாக இருக்கும் மோதிரம்தான் எல்லாவற்றிலும் நன்றாகக் கூவுமாம்.

பிறகு களத்தில் கயிறு கட்டிக் கோடு கோடாகப் பிரித்து, ஒரு கோட்டின் மேல் மறு கோடு சிறிது படியும்படி, வட்டத்தைத் தரையோடு ஒட்டி ஆட்டிக்கொண்டு நடந்தார். கருவி பேசத் தொடங்கியது. அகப்பட்டவை: வண்டி மாட்டு லாடம் ஒன்று, துருப்பிடித்த ஆணிகள் பதினொன்று, சோடா மூடிகள், பூட்டில்லாத ஒரு சாவி, மாத்திரை அட்டையின் ஈயக் காகிதம் எண்ணற்றவை. ஈயக் காகிதம் என்று நாம் சொன்னாலும் அது அலுமினியம். அதன் குரலும் சிறு பொன்னின் குரலும் கிட்டத்தட்ட ஒன்றேயாம். "ஈயக் காகிதம்னு விட்டுட்டுப் போனா, தங்கத்தையும் விட்டுட்டுப் போயிடுவோமுங்க. எல்லாத்தையும் தோண்டித்தான் ஆகோணும்" என்று ஒவ்வொன்றையும் தோண்டி எடுத்து, குழியை மறுபடி மூடிக்கொண்டே வந்தார். மத்தியானம் மூன்று மணி ஆயிற்று. களம் முடிந்தது. தோடு இல்லை.

அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்தக் களத்தைக் கடைசியா யார் கூட்டினதுங்க? கூட்டின குப்பை எங்கே போச்சுங்க?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பன்னிரண்டு நாட்களுக்கு முன்பே அந்தக் கேள்விக்குப் பதில் வந்திருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

எருக்குழிக்குப் போனோம். இதற்குள் அதன்மேல் பன்னிரண்டு நாள் சாணமும் குப்பையும் சேர்ந்திருந்தன. மேலே நின்று கருவியை ஆட்டிப் பயனில்லை, ஆழம் அதிகம். ஒரு தார்ப்பாயை விரித்து, கூடை கூடையாக எருவை அள்ளி மெல்லிசாகப் பரப்பி, ஒவ்வொரு பரப்பின் மேலும் கருவியை ஓட்டினார். வாடிய ஆவாரம் பூ வரத் தொடங்கியதும், "நோன்பு நாள் குப்பை வந்துட்டுதுங்க" என்றார். அதற்கடுத்த இரண்டாவது கூடையில் அந்த மெல்லிய குரல் கேட்டது. நமது மைத்துனி குனிந்து, சாணத்தோடு சேர்த்து அதை எடுத்தாள். தண்ணீரில் அலசியதும் ஏழு கல்லும் ஒன்றுபோல் மின்னின. திருகாணி மட்டும் அகப்படவில்லை, தேடவும் இல்லை.

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள் என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் அந்தச் சந்தோஷம் அரை நாழிகைகூட நிலைக்கவில்லை. நமது மாமியார் திண்ணையில் உட்கார்ந்து, "ஐயோ, அவள் சொன்னாளே!" என்றார். அதை இரண்டு மூன்று தடவை சொன்னார்.

மாலையில் மாமியாரும், நமது இல்லத்தரசியும், நாமும் வெற்றிலை பாக்குப் பழத்தோடு அந்தப் பெண்மணியின் வீட்டுக்குப் போனோம். அவள் எங்களை உட்காரச் சொன்னாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மறுபடி வேலைக்கு வரச் சொல்லிக் கேட்டார். அவள் கோபமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. "தோடு கிடைச்சுட்டுதுங்களே, அது போதுமுங்க அம்மா. நான் வேறே தோட்டத்திலே ஒத்துக்கிட்டேனுங்க" என்றாள். பாக்கிச் சம்பளத்தை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டாள். அதற்கு மேல் வைத்த நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தாள். நாங்கள் எழுந்தபோது நம்மைப் பார்த்து, "வாத்தியாரய்யா, ஒண்ணு மட்டும் செய்யுங்க. என் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலே 'தோட்டுக்காரி மகள்'னு கூப்பிடறாங்க. அதை மட்டும் சொல்லி நிறுத்திடுங்க" என்றாள்.

மறுநாள் காலை அவ்வூர்ப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்துச் சொன்னோம். காலைக் கூட்டத்தில் தோடு எருக்குழியில் கிடைத்த கதையை நாமே பிள்ளைகளிடம் சொன்னோம். பெரியவர்கள் செய்த தப்பையும் மறைக்கவில்லை. முன்வரிசையில் நின்ற அந்தப் பெண்குழந்தை தலையை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெயர் நின்றுவிட்டதென்று பிறகு தகவல் வந்தது. நமது இருபது வருஷப் பாடத்தில் அன்று நடத்தினதுதான் நமக்கு உபயோகமான பாடம் என்று தோன்றுகிறது.

நேயர்களுக்குப் பயன்படக்கூடிய சில விஷயங்களை, மாணாக்கர் சொன்னபடி, இங்கே குறிக்கிறோம். நகை தொலைந்தது தெரிந்தவுடன் அந்த இடத்தைக் கூட்டாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், பத்துப் பேரை இறக்கி மிதிக்கவும் விடாதீர்கள். கடைசியாக எப்போது கண்டோம், அதன்பின் எங்கெங்கே போனோம் என்று காகிதத்தில் எழுதுங்கள். குப்பை எந்த வழியாக எங்கே போகிறதென்று முதலில் கேளுங்கள். 2024-ஆம் ஆண்டு ஜூலையில் சென்னை விருகம்பாக்கத்தில் ஒரு வீட்டின் வைர நெக்லஸ் தவறிக் குப்பையோடு போய்விட்டது. வீட்டார் உடனே தகவல் சொன்னதால் துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பைத் தொட்டியைக் கிளறி அதை எடுத்துக் கொடுத்தார்கள். கருவி ஒன்றும் இல்லை, கையும் நாணயமும்தான். ஜோடி நகையில் ஒன்று தொலைந்தால் மற்றொன்றைப் பத்திரமாக வையுங்கள். தேடுவதற்கு அதுவே வழிகாட்டி. திருகாணியையும் கொக்கியையும் வருஷத்துக்கு ஒருமுறை தட்டாரிடம் காட்டுங்கள்.

கண்டெடுக்கிறவர்களுக்கும் சட்டம் உண்டு. பிறர் தொலைத்த பொருளை எடுத்து, உடையவர் இன்னாரென்று தெரிந்தும், அல்லது தேடி அறிய முயலாமலும், தமதாக்கிக்கொள்வது குற்றம். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, உடையவர் பரிசு அறிவித்திருந்தால் எடுத்தவர் அதைக் கேட்டுப் பெறலாம். நிலத்தில் மறைந்து கிடந்த பழம்பொருளாக இருந்தால் கதை வேறு. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ளதைக் கண்டவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆகையால் கருவி கையில் இருக்கிறதென்று கொடுமணலிலும் கோயில் நிலத்திலும் தோண்டக் கிளம்பிவிட வேண்டாம். அங்கே கிடப்பது ஒரு குடும்பத்தின் நகையன்று, நாட்டின் சரித்திரம். ஒரு காசைப் பிடுங்கி எடுத்தால், அது எந்த மண்ணில் எதன் பக்கத்தில் கிடந்தது என்ற சாட்சி அழிந்துபோகும்.

நமது மாணாக்கர் பெட்ரோல் காசும் ஒரு தார் வாழைப்பழமும் பெற்றுக்கொண்டு போனார். போகும்போது, தாம் எந்த வீட்டுக்குத் தேடப் போனாலும் ஒரு நிபந்தனை வைப்பதாகச் சொன்னார்: தேடி முடிகிற வரையில் அந்த வீட்டில் யார் பெயரையும் யாரும் சொல்லக் கூடாது. நம் வீடுகளிலும் இந்த நிபந்தனை இருக்கட்டும். கருவி வாங்க எல்லோராலும் முடியாது. இதற்குப் பணம் வேண்டியதில்லை.